ஆறைவிடச் சின்னதாகிப்போன பத்து

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. போன மாதம், ஈப்போவில் நான் கைப்பேசிச் செயலிகள் எழுதிய அலுவலகத்திலிருந்து புவனா கூப்பிட்டாள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். அங்கே நிரல்வரிகளில் பாதியை இப்போது இயந்திரமே எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். அதைச் சரிபார்ப்பதுதான் மனிதர்களுக்கு மிஞ்சியிருக்கும் வேலையாம். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பழைய ஆட்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கம் எழுதி வாங்குகிறார்கள்.

"அக்கா, நீங்க ஹேண்ட்போன் வெர்ஷன் செக் பண்றத பத்தி எழுதிக் குடுங்கலா. அதுக்கு நீங்கதான் சரியான ஆளுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க" என்றாள்.

அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். எழுதியதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்று தோன்றியது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் நான். தோட்டம் கைமாறி ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டபோது எங்கள் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே மின்சுற்றுத் தகடுகளை வைத்து, ஈயப்பற்று சரியாக வைத்திருக்கிறார்களா என்று பார்க்கும் வேலை. பதினான்கு வருடம் பார்த்தேன். பிறகு மாலை வகுப்பில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, நாற்பது வயதில் இந்த அலுவலகத்தில் நுழைந்தேன். வகுப்பில் இருந்தவர்களிலேயே வயதில் மூத்தவள் நான். வேலையிலும் அப்படித்தான், ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் ஜமால் அண்ணன். நிரல் பிரிவுக்குத் தலைவர். அத்தா என்று அவர் கூப்பிடும் அப்பா ஈப்போவில் உணவகம் நடத்தியவர். ஜமால் அண்ணன் அங்கே மேசை துடைத்துக்கொண்டே படித்தவர். குரலை உயர்த்தமாட்டார். அலுவலகத்தில் எல்லோரையும், தேநீர் கொண்டுவருபவர் உட்பட, "நீங்க" என்றுதான் பேசுவார். யாராவது தவறு செய்துவிட்டால் ஏன் செய்தீர்கள் என்று கேட்கமாட்டார். நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவார். "வாசிங்க" என்பார். நாம் எழுதிய நிரல்வரியைச் சாதாரணப் பேச்சுத் தமிழில் வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

முதல் சில மாதங்கள் எனக்கு அது கூச்சமாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல உட்கார்ந்து வாசிக்கிறோமே என்றிருக்கும். போகப் போகத்தான் புரிந்தது. கண்ணால் படிக்கும்போது, எழுத நினைத்ததைப் படித்துவிடுகிறோம். வாயால் படிக்கும்போதுதான் எழுதியிருப்பதைப் படிக்கிறோம்.

அவருடைய மேசையின் கீழ் இழுப்பறையில் பழையதும் புதியதுமாகப் பதினோரு கைப்பேசிகள் இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, அதில் இயங்குதளத்தின் பதிப்பு எண்ணைப் பேனாவால் எழுதியிருப்பார். எல்லாம் வருடம் முழுவதும் மின்னேற்றத்திலேயே இருக்கும். எந்தச் செயலியும் அந்தப் பதினொன்றிலும் ஓடிய பிறகுதான் வெளியே போகும்.

பதிப்பு எண் என்றால் என்னவென்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கைப்பேசியை உள்ளிருந்து நடத்துவது இயங்குதளம். அது வருடா வருடம் மாறும். மாறும்போது புதிதாகச் சில வேலைகள் அதற்குத் தெரிய வரும். பழைய சில வேலைகளைச் செய்யும் விதம் மாறிவிடும். எந்த மாற்றத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. மக்கள் கையில் இருப்பதோ எல்லா வயதுக் கைப்பேசிகளும். அதனால், இந்தக் கைப்பேசிக்கு எது தெரியும், எது தெரியாது என்று கேட்டுக்கொண்டுதான் செயலி எதையும் செய்ய வேண்டும்.

எனக்கு இது தெரிய வந்ததே ஒரு மண்டோர் மூலமாகத்தான். சித்தியவான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வெட்டுக்காரர்களை மேற்பார்வை பார்ப்பவர் அவர். எந்த இடத்தில் எத்தனை குலை இறங்கியது என்று பதிவதற்கு நான் எழுதிய செயலியைத்தான் அங்கே பயன்படுத்தினார்கள். ஒரு நாள் அவர் மோட்டார் சைக்கிளிலேயே ஈப்போ வரை வந்து, கைப்பேசியை என் மேசையில் வைத்தார்.

"தொறந்தா சாத்திக்குதுங்க. மறுபடி தொறந்தா மறுபடி சாத்திக்குது. நான் என்னா பாவம் பண்ணேன்?"

ஜமால் அண்ணன் நாற்காலியை இழுத்தார். நான் வாசித்தேன்: "நீ இருக்கற எடத்த இந்தப் புது முறையில சொல்லு."

"இந்தப் போனுக்கு அந்தப் புது முறை தெரியுமா?"

"தெரியாதுண்ணே. பழைய போனு."

"தெரியுமான்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

தெரியாத வேலையைச் செய்யச் சொன்னால் செயலி அந்த இடத்திலேயே மூடிக்கொள்ளும். அன்றே சரிசெய்து கொடுத்தேன். அதன் பிறகு நான் எழுதிய ஒவ்வொன்றிலும், பதிப்பு எண்ணைக் கேட்காமல் புது வேலை எதையும் சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. எப்படிக் கேட்கிறேன் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து டயாலிசிஸ் நிலையத்து வேலை வந்தது. ஆயர் தாவார் வட்டாரத்தில், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய நிலையம். சுற்றிலும் இருந்த தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் நோயாளிகள் வாரம் மூன்று நாள் வருவார்கள். அழைத்து வர ஒரே ஒரு வேன். உடம்பு முடியாமல் சிலர் வரமாட்டார்கள். சிலர் மருத்துவமனையில் இருப்பார்கள். வேன் வீட்டு வாசல் வரை போய் வெறுமனே திரும்பினால், அடுத்த வீட்டுக்காரருக்கு நேரம் தவறிவிடும்.

அதற்காகத்தான் அந்தச் செயலி. வேன் புறப்படுவதற்கு முன் நோயாளியின் கைப்பேசியில் மணி அடிக்கும். திரையில் "வாரேன்" என்று பெரிய பச்சைப் பொத்தான் வரும். கால் மணி நேரத்துக்குள் அழுத்தினால் வேன் அந்த வீட்டுக்குப் போகும். அழுத்தாவிட்டால் போகாது. நிலையத்தைப் பார்த்துக்கொண்ட தாதி லீலா அதைக் கேட்டு வாங்கியவர். பச்சைப் பொத்தானில் என்ன எழுதலாம் என்று கேட்டபோது, "அவங்க வாயில வர்றதையே போடுங்கலா" என்றவரும் அவர்தான்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பிறகு ஒரு நாள் சிஸ்டர் லீலா கூப்பிட்டார். "தவமணி அக்கா, மணியம்னு ஒரு பேஷன்ட். ரெண்டு தடவ பட்டன் அழுத்தல, வேனும் போகல. கேட்டா மணியே அடிக்கலன்னு சொல்றாரு. எனக்கென்னமோ தூங்கிட்டாருன்னுதான் தோணுது. முன்னாடி ஒரு தடவ கோயில் திருவிழாவுக்குப் போய்ட்டு, உடம்பு சரியில்லன்னு பொய் சொன்னவருதான். இருந்தாலும் ஒரு பார்வ பாத்துருங்க."

பார்த்தேன். ஜமால் அண்ணனின் இழுப்பறையைத் திறந்து, எல்லாக் கைப்பேசிகளிலும் மணி வைத்தேன். அந்தச் சமயத்தில் புதிதாக வந்திருந்த பத்தாம் பதிப்புக் கைப்பேசியும் அதில் ஒன்று. எல்லாமே நொடி தவறாமல் அடித்தன. பதிவேட்டில் "பயனர் கவனக்குறைவு. செயலியில் பிழை இல்லை" என்று எழுதி மூடிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஜமால் அண்ணன் அதைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"யாரு போன்ல பாத்தீங்க, தவமணி?"

"நம்ம போன்லதாண்ணே. எல்லாத்துலயும் அடிச்சுச்சு."

"அவரு நம்ம ஆபீஸ்லயா இருக்காரு?"

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அடுத்த வாரம் ஆயர் தாவாருக்கு வேறு வேலையாகப் போக வேண்டியிருந்தது, அப்போது அவர் வீட்டுக்கும் போய்ப் பார்க்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த அடுத்த வாரம் வருவதற்குள் மணியம் மூன்றாவது முறையும் தவறவிட்டார். உடம்பில் நீர் சேர்ந்து, மூச்சுவிட முடியாமல், பக்கத்து வீட்டுக்காரர் காரில் மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். சிஸ்டர் லீலா அதைச் சொல்லக் கூப்பிட்டபோது அவர் குரல் உடைந்திருந்தது. இன்னொன்றும் சொன்னார். மூன்று முறை முன்கூட்டியே சொல்லாமல் வராதவரின் இடம் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். அது நிலையத்தை நடத்தும் குழு போட்ட விதி. மணியத்தின் இடத்துக்கு வேறு ஒரு பெண்மணி ஏற்கெனவே வந்துவிட்டார்.

மணியம் வீடு திரும்பிய மறுநாள் காலை நான் காரை எடுத்துக்கொண்டு போனேன். பழைய தோட்டத்தின் ஓரத்தில் கட்டப்பட்ட தாமான். வீட்டுக்குப் பின்னாலேயே செம்பனை வரிசை தொடங்கிவிடும். அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். கணுக்கால்களில் வீக்கம் இன்னும் வடியவில்லை. மடியில் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல். அதில் மைப்பேனாவால் கோடு போட்டிருந்தது. ஒரு நாளைக்கு அவர் குடிக்கலாம் என்று மருத்துவர்கள் அனுமதித்த அளவு அது. அவர் மனைவி செல்வி எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். மணியத்தின் முன்னால் அதைக் குடிக்க எனக்கு மனசு வரவில்லை.

"குடிங்கக்கா. நான் பாக்கறதுக்கு யாரும் அளவு வக்கல" என்று சிரித்தார் மணியம்.

என்ன நடந்தது என்று கேட்டேன்.

"டயாலிசிஸ் நாள்ல நான் காலையிலயே குளிச்சுட்டு, பைய எடுத்துகிட்டு இந்த நாக்காலியில வந்து ஒக்காந்துருவேன். போன் உள்ள டிவி பக்கத்துல கெடக்கும். மணி அடிச்சா இங்க வரைக்கும் கேக்கும்லா. அடிக்கல. நேரமாச்சேன்னு உள்ள போயி எடுத்துப் பாத்தா, கையில எடுத்ததும் அடிக்குது. பட்டன் வருது, அழுத்துறேன், நேரம் முடிஞ்சிருச்சுன்னு சொல்லுது. சிஸ்டர கூப்பிட்டா, வேன் எதுத்த பக்கம் போயிருச்சுங்கறாங்க. நான் தூங்கலக்கா. கெளம்பி ஒக்காந்துதான் இருந்தேன்."

"எல்லா நாளும் இப்படியாண்ணே?"

"இல்ல. சில நாளு ஒழுங்கா அடிக்கும். அதனாலதான் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

பழைய கைப்பேசியில் இந்தத் தொல்லை இருந்ததில்லை என்றார். இந்தப் புதுக் கைப்பேசி, பினாங்கில் வேலைக்குச் சேர்ந்த மகள் அப்பாவுக்கென்று ஆசையாக வாங்கி வந்தது.

பன்னிரண்டு மணிக்கு அடிக்கும்படி மணி வைத்தேன். அப்போது பத்து ஆகவில்லை. கைப்பேசியை எப்போதும் வைக்கும் இடத்தில், தொலைக்காட்சி பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அதுவரை அதை யாரும் தொடக்கூடாது என்றேன். மூவரும் வாசலில் உட்கார்ந்தோம். டிராக்டரைப் பற்றி நிறையச் சொன்னார். மழை நாளில் மலைச்சரிவில் சுமையோடு இறங்கும்போது பிரேக்கை மிதிக்கக் கூடாது, கியரில்தான் இறக்க வேண்டும் என்றார். பிறகு என்னிடம், "ஆப்பு எழுதறதுன்னா என்னாக்கா எழுதுவீங்க?" என்று கேட்டார். போனுக்கு உத்தரவு எழுதுவது என்றேன். "அது கேக்குமா?" என்றார். கேட்கும் என்றேன்.

செல்வி சமையலைப் பார்க்க எழுந்து போனார். பன்னிரண்டு ஆனது. ஒரு சத்தமும் இல்லை. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது.

"எடுக்கட்டுமா?" என்றார் மணியம்.

மெல்ல எழுந்து உள்ளே போய், கைப்பேசியைத் தூக்கினார். அது அவர் உள்ளங்கையில் அடித்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "செல்வி, இங்க வா. அவங்க இருக்கும்போதே நடந்துருச்சு" என்றார்.

செல்வி ஈரக் கையோடு ஓடி வந்தார். அடித்துக்கொண்டிருந்த கைப்பேசியைப் பார்த்தார், கணவனைப் பார்த்தார். பிறகு சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நானும் இவர நம்பலக்கா" என்று அழுதார். "நான் ஸ்கூல் கேன்டீன் வேலைக்குப் போயிருவேன், இவரு தூங்கிட்டு எங்கிட்ட பொய் சொல்றாருன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில கூட திட்டுனேன்."

மணியம் அவர் தோளில் கையை வைத்தார்.

நானும் நம்பவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைவிட, நம்பாததை எழுதி மூடியும் வைத்தேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். மணியம் கைப்பேசியில் மணியை நிறுத்தினார். "செரி, இப்ப பாத்துட்டீங்கல்ல" என்றார்.

அடிக்கிற நாட்களில் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். செல்விதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்துச் சொன்னார்: "நான் வேலைக்குப் போகும்போது சார்ஜ்ல போட்டுட்டுப் போனா அடிக்குதுன்னு நெனக்கிறேன். மறந்துட்ட நாள்ல…"

எனக்கு இழுப்பறை நினைவு வந்தது. எங்கள் பதினோரு கைப்பேசிகளும் மின்னேற்றத்திலேயே இருப்பவை. மின்கம்பியைக் கழற்றி, அசையாமல் ஓர் இடத்தில் வைத்துவிட்டால் புதிய கைப்பேசிகள் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆழ்ந்து உறங்கப் போய்விடும். ஆறாம் பதிப்பிலிருந்து வந்த ஏற்பாடு அது. பழைய முறையில் வைத்த மணி அந்த உறக்கத்தில் அடிக்காது. யாராவது கையில் எடுத்த பிறகுதான் அடிக்கும். உறக்கத்தைக் கலைத்து அடிக்க வைக்கப் புது முறை இருக்கிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இரண்டு முறையையும் எழுதி, பதிப்பு எண்ணைக் கேட்டுப் பிரித்திருந்தேன்.

மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தேன். பழக்க தோஷத்தில் வாய்விட்டே வாசித்தேன். "பதிப்பு எண் ஆறைவிடச் சின்னதா இருந்தா பழைய முறையில மணி வை. இல்லன்னா புது முறையில வை."

"என் போன்ல என்னா நம்பரு?" என்றார் மணியம்.

"பத்துண்ணே."

"அப்ப புது முறைதானே?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்த ஆறைச் சுற்றி இருந்த மேற்கோள் குறிகள் கண்ணில் பட்டன.

நிரலில் மேற்கோள் குறிக்குள் எழுதினால் அது எண் இல்லை, சொல். கணினி சொற்களை எப்படி ஒப்பிடும்? பள்ளிப் பதிவேட்டில் பெயர்களை வரிசைப்படுத்துவதுபோல, முதல் எழுத்தைப் பார்த்து. பத்தை இலக்கத்தில் எழுதினால் அதன் முதல் எழுத்து ஒன்று. ஒன்று ஆறுக்கு முன்னால் வரும். அதோடு பார்வை முடிந்தது. ஏழும் எட்டும் ஒன்பதும் ஓரிலக்க எண்களாக இருந்ததால் இரண்டு வருடம் என் தவறு யாருக்கும் தெரியவில்லை. பத்து வந்ததும் அதை ஆறைவிடச் சின்னது என்று எடுத்துக்கொண்டு, ஊரிலேயே புதிய கைப்பேசிக்குப் பழைய முறையில் மணி வைத்திருக்கிறது என் செயலி.

அவரிடம் இப்படித்தான் விளக்கினேன்.

"அப்ப, பத்து ஆறவிட சின்னதா?" என்றார்.

"நான் எழுதினதுல அப்படித்தாண்ணே."

மணியம் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். செல்வியும் அழுத முகத்தோடு சிரித்தார். என்னால் முடியவில்லை.

வாசலுக்கு வந்து ஜமால் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி தவறைப் பற்றியது அல்ல.

"பத்து வச்சிருக்கறவங்க எத்தன பேரு?"

பட்டியலைப் பார்த்தேன். ஏழு பேர்.

"மொதல்ல அவங்க. அப்புறம் நிரலு" என்றார்.

அன்று பிற்பகலே ஏழு பேருடைய வேன் நேரத்தையும் சிஸ்டர் லீலாவிடம் வாங்கிக்கொண்டேன். திருத்திய செயலி ஏழு பேர் கைக்கும் போய்ச் சேரும்வரை, ஒவ்வொரு டயாலிசிஸ் நாளும் நானே அவர்களைக் கூப்பிட்டேன். அதில் ஒரு அம்மா, வேன் வருகிறது என்று நான் சொன்னால் பதில் சொல்லமாட்டார், "நீ சாப்டியா?" என்று திருப்பிக் கேட்பார். ஏழு பேரில் இன்னும் இரண்டு பேர் மணி அடிக்காமல் தவித்திருக்கிறார்கள். பொத்தானைத் தாங்கள்தான் சரியாக அழுத்தவில்லை என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

ஆனால் மணியத்தின் இடம் போனது போனதுதான். தற்காலிகமாக மருத்துவமனையில்தான் அவருக்கு டயாலிசிஸ் நடந்தது. நிலையத்தின் குழுவுக்கு நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் ஜமால் அண்ணன். "உங்க பேர்லயே எழுதுங்க. சுத்தி வளைக்காதீங்க." எழுதினேன். அவர் வாசிக்கச் சொன்னார். "தொழில்நுட்பக் காரணங்களால்" என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். கண்ணைத் திறந்து, "அது யாரு?" என்று கேட்டார். அதை அடித்துவிட்டு "நான் எழுதிய வரியால்" என்று மாற்றினேன்.

குழுக் கூட்டத்துக்கு இருவரும் போனோம். நிலையத்தின் பின்னறையில் எட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குழுத் தலைவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஒரு ஆளு உயிரு போயிருக்கும், தெரியுமா? இது யாரு தப்பு?"

"என்னோடதுங்க" என்றேன்.

ஜமால் அண்ணன் எழுந்து நின்றார். "வரி அவங்களுது. சோதிச்ச முறை என்னுது. போனையெல்லாம் சார்ஜ்லயே வச்சு சோதிக்கணும்னு பழக்கினது நான்தான். ரெண்டையும் மாத்திட்டோம். நீங்க வேற ஆளப் பாக்கறதா இருந்தாலும் சரி, அவருக்கு எடம் திரும்பக் கெடைக்கணும்."

குழு ஒப்புக்கொண்டது. ஆனால் கொடுப்பதற்கு இடம் இல்லை. புதிதாக வந்த பெண்மணியை எழுப்பி அனுப்ப முடியுமா? மாலைப் பிரிவில் மட்டும் ஒரு இயந்திரம் காலியாக இருந்தது. மணியத்தின் வீட்டுப் பக்கம் மாலையில் வேன் போவதில்லை.

சிஸ்டர் லீலா அதற்குமேல் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கதவைத் திறந்து டயாலிசிஸ் கூடத்துக்குள் போனார். இயந்திரங்களோடு இணைக்கப்பட்டுப் படுத்திருந்தவர்களிடம், ஒருவருக்கு இந்த நேரம் வேண்டும், யாராவது மாலைக்கு மாற முடியுமா என்று மலாயில் கேட்டார். மாலைப் பிரிவு என்றால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். எல்லோருக்கும் அது தெரியும். கடைசிக் கட்டிலில் இருந்த, மளிகைக் கடை வைத்திருந்த சீனப் பெரியவர் ஊசி போடாத கையைத் தூக்கினார்.

"சாயா போலே துக்கார்" என்றார். நான் மாறிக்கொள்கிறேன் என்று பொருள். வீடு பக்கத்தில்தான், பிள்ளைகள் மாலையில் வந்து அழைத்துப் போவார்கள் என்றார். யாருக்காக மாறுகிறோம் என்றுகூட அவர் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மணியம் வேனில் ஏறினார்.

நாங்கள் மாற்றியது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். புவனா கேட்டது அதைத்தானே. பதிப்பு எண்ணைச் சொல்லாக ஒப்பிடுவதை நிறுத்தி, எண்ணாக ஒப்பிட்டோம். ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் அந்தக் கேள்வியை எழுதாமல், ஒரே இடத்தில் எழுதி எல்லோரும் அதையே கூப்பிடும்படி செய்தோம். முடிந்த இடங்களில் எண்ணைக் கேட்பதையே விட்டுவிட்டு, இந்த வேலை உனக்குத் தெரியுமா என்று கைப்பேசியிடமே நேராகக் கேட்டோம். நாங்கள் இதுவரை பார்த்திராத எண் வந்தால் அதைப் பழையது என்று எடுத்துக்கொள்ளாமல் புதியது என்று எடுத்துக்கொள்ளச் செய்தோம். நாளைக்கு வருவது எப்போதும் பெரிய எண்தான். இழுப்பறையைக் காலி செய்து, பதினோரு கைப்பேசிகளையும் கம்பி இல்லாமல் சன்னலோரம் வரிசையாக வைத்தார் ஜமால் அண்ணன். இரண்டு மணி நேரம் யாரும் தொடக்கூடாது. சோதனைக்கு எங்களைத் தவிர வெளியிலிருந்தும் ஒருவர் வேண்டும் என்றார். மணியம் சம்மதித்தார். செயலியின் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் முதலில் அவர் கைப்பேசியில் போட்டோம். அவர் கூப்பிட்டு, "அடிச்சிருச்சுக்கா" என்ற பிறகுதான் மற்றவர்களுக்குப் போனது.

இதையெல்லாம்விட முக்கியமான மாற்றத்தைச் சொன்னவர் சிஸ்டர் லீலா. அதில் ஒரு நிரல்வரியும் இல்லை. பொத்தானை அழுத்தாத வீட்டை விட்டுவிட்டுப் போவதற்கு முன், வேன் ஓட்டுநர் அந்த வீட்டுக்கு ஒரு அழைப்புப் போட வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு வழக்கம் முதலிலேயே இருந்திருந்தால், என் தவறு ஒருவரையும் மருத்துவமனை வரை கொண்டுபோயிருக்காது.

பதிவேட்டில் நான் எழுதியதை அழிக்க அனுமதி கேட்டேன். ஜமால் அண்ணன் வேண்டாம் என்றார். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதச் சொன்னார். "பயனர் சொன்னது சரி. பிழை என்னுடையது" என்று எழுதிப் பெயர் போட்டேன். நான் ஓய்வு பெறும்வரை அது அப்படியே இருந்தது. இப்போதும் இருக்கும்.

போன வாரம் ஆயர் தாவாரில் மணியத்தின் மகளுக்குத் திருமணம். ஜமால் அண்ணனும் நானும் ஈப்போவிலிருந்து ஒரே காரில் போனோம். சனிக்கிழமை டயாலிசிஸை சிஸ்டர் லீலா முதல் நாளே முடித்துக் கொடுத்திருந்தார். மணியம் பட்டு வேட்டியில், கொஞ்சம் மெலிந்து, ஆனால் நிமிர்ந்து, மண்டப வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துச் சம்பந்தி வீட்டார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இவங்க யாருன்னு சொல்றேன் கேளுங்க. நான் பொய் சொல்றேன்னு எழுதி வச்சவங்க இவங்கதான்."

சம்பந்தி அம்மாள் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அப்புறம் என் வீட்டுக்கே வந்து, ரெண்டு மணி நேரம் ஒக்காந்து பாத்துட்டு, அது தப்புன்னு எழுதுனவங்களும் இவங்கதான்" என்றார். "மொதல்ல சொன்னத எழுத ஊர்ல ஆயிரம் பேரு இருக்காங்க. ரெண்டாவத எழுத ஆளு கெடைக்கணுமே லா."

செல்வி வந்து, பேச்சு போதும், பந்தி போட்டாச்சு என்று எங்களை இழுத்துக்கொண்டு போனார். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது மணமகள் காலில் விழ வந்தாள். வேண்டாம் என்று தடுத்து நிறுத்தினேன். அவள் நிமிர்ந்து, "அப்பா உசுரோட இருந்து என் கையப் புடிச்சுக் குடுத்தாரு ஆன்ட்டி" என்றாள். அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன்.